ஒரு புதிய மண் சிற்றுண்ணிக்காக உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நீலகிரிச் சோலைக்காட்டுச் சருகில் கிடைத்த, கலும்னா பேரினத்தைச் சேர்ந்த புதிய சிற்றுண்ணி (மண்ணிலும் சருகிலும் வாழும் மிகச் சிறிய எட்டுக்கால் உயிரி) பற்றிய கட்டுரை அச்சேறுகிறது. ஆசிரியர் பட்டியலில் இடம்பெறாத உங்களுக்கே இந்த மடல்.

முதலில் வனத்துறைக் களப்பணியாளர்களுக்கு. சருகைப் பாலித்தீன் பையில் அமுக்கித் திணிக்காமல் துணிப்பையில் தளர்வாகக் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கீழே சேர்த்தீர்கள். பை வியர்த்துப் புழுங்கினால் உண்ணிகள் உள்ளேயே செத்துவிடும். செத்த உண்ணி, சருகிலிருந்து உண்ணிகளைப் பிரிக்கும் புனலில் இறங்கி வராது.

மேலே பல்பின் சூடு பட, உண்ணிகள் கீழே உள்ள குப்பிக்குள் இறங்கும் பெர்லேசே புனல்களைப் பார்த்துக்கொண்ட ஆய்வக உதவியாளர்களுக்கு அடுத்த நன்றி. 40 வாட் பல்பை முதலில் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்குநாள் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கினீர்கள். இந்த உண்ணிகள் மெல்ல நகர்பவை; மேல்மண் சட்டெனக் காய்ந்தால் பாதிவழியிலேயே சுருண்டுவிடும். உருளையாக வெட்டியெடுத்த மண்ணைத் தலைகீழாக வைத்ததும் சரியான வேலை: தாங்கள் நடமாடிய துளைகள் வழியாகவே அவை வெளியேறும். அடியில் வைத்த குப்பியில் 75 சதவீத எத்தனாலோடு சில சொட்டு கிளிசரின் சேர்த்ததால், சாராயம் ஆவியானாலும் மாதிரி நொறுங்காது.

நடுவில் குழியுள்ள கண்ணாடிச் சில்லில் லாக்டிக் அமிலம் விட்டு மாதிரிகளைத் தெளிவாக்கியவருக்குத் தனி நன்றி. சூடு காட்டினால் வேலை சீக்கிரம் முடியும்; ஆனால் அளவு மீறினால் உடல் உப்பி, தகடுகள் விலகிவிடும். அவசரக்காரர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது. கலும்னாவின் முதுகில் முடிகள் பெரும்பாலும் தேய்ந்து வெறும் குழிகளாகவே இருக்கும். அதனால் இனம் பிரிக்க உதவுபவை நுண்துளைப் பரப்புகளின் வடிவமும், தலைப்பக்கத்துக் கிண்ணத்திலிருந்து நீளும் உணர்முடியும்தான். அந்த முடி நூல் போன்றதா, கதிர் போன்றதா, கதாயுதம் போன்றதா என்பதில் பெயரே மாறிவிடும். முதலில் ஒடிவதும் அதுதான். மூடுகண்ணாடியை ஓரத்தில் மெல்லத் தள்ளி, உண்ணியை உருட்டிப் பக்கவாட்டில் காட்டினீர்களே, அந்தக் கைப்பக்குவம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

படம் வரைந்தவர் ஒரு பாதியை வரைந்து மறுபாதிக்குக் கண்ணாடிப் பிம்பமாகப் பிரதி எடுக்கவில்லை. இடது வலது முடி எண்ணிக்கை வேறுபடுவது இவற்றில் சகஜம்; கண்டபடியே வரைந்தார்.

புதிய பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி எது, எந்த ஊரில் எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று தெளிவாக எழுதச் சொன்ன மதிப்பீட்டாளருக்கும் நன்றி. 1999க்குப் பின் வெளிவரும் பெயர்களுக்கு இதை விலங்குப் பெயரிடல் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. மின்னிதழில் வருவதால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிந்த விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதையும் நினைவூட்டினார்.

துணை மாதிரிகளை ஒப்பிட விரும்புவோர் எழுதிக் கேட்கலாம், இரவல் தருகிறோம். அமிலத்தில் இட்டுப் பார்த்தால், நன்றாகக் கழுவி எத்தனாலுக்கு மாற்றிய பிறகே திருப்பி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்