ஊர்ச்சபை வேதபாட ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–2025)

தலைவரும் சேகர ஆயருமான ஐயா அவர்களுக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும் ஆண்டவரின் நாமத்தில் என் வணக்கம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலைதோறும் நம் ஐக்கியம் கூடிவந்தது. நவம்பர் மாதக் கூடுகை மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. கலாத்தியா சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தின் 6 அதிகாரங்களையும் ஆண்டு முழுவதற்குமான பாடமாக எடுத்துக்கொண்டோம். நம் பழைய மொழிபெயர்ப்பு 'சுயாதீனம்' என்று சொல்லும் விடுதலை, ஆராதனை முடிந்து கோயிலைவிட்டு இறங்கிய பிறகும் வீட்டிலும் கடையிலும் பெண் பார்க்கும் இடத்திலும் நம்மோடு இருக்கிறதா என்பதே நாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட கேள்வி.

நாட்களையும் மாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பவுல் கடிந்துகொள்ளும் நான்காம் அதிகாரத்துக்கு ஒரு கூடுகை போதவில்லை. நாம் கூடும் ஞாயிறு மாலை 4.30 மணியே இராகு காலத்தின் தொடக்கம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அதை எண்ணிப் பாராமலேயே இத்தனை ஆண்டுகள் ஜெபித்துவந்த நாம், புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும்போது மட்டும் காலண்டரின் பின்பக்கத்தைப் புரட்டுகிறோம் என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டனர்.

மே மாதக் கூடுகையில் நம் குமரி மண்ணின் வரலாற்றைப் பேசினோம். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே நாகர்கோவில் மிஷன் பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற அடிமைப் பெண்கள், அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலைக்கான விலையைக் கொடுத்தார்கள். மாரை மறைக்கும் உரிமைக்காக நம் பாட்டிகளின் பாட்டிகள் அடிபட்டு, தெருவில் சீலை கிழிக்கப்பட்டு நின்ற தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின், 1859-இல் வந்த அரச அறிவிப்புங்கூட நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்றே வரம்பு கட்டியது. ஆயினும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. தாங்கள் கிறிஸ்துவுக்கு உரியவர்கள் என்ற அறிவு அவர்களிடம் வேதவசனமாக மட்டும் இராமல் தோளில் இட்ட துணியாகவே இருந்தது என்பது என் எண்ணம்.

இந்த வரலாற்றைக் கேட்ட கையோடு கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்று சொல்லும் மூன்றாம் அதிகாரத்தின் 28-ஆம் வசனத்தைத் திருமணத்தோடு சேர்த்து வாசித்தபோதுதான் கூட்டம் கனத்தது. ஞானஸ்நானத்தில் ஒன்றானோம் என்று அறிக்கையிடும் நாம், வரன் தேடும்போது முதலில் சாதியைத்தான் விசாரிக்கிறோம். பிறகு பவுனையும் ரொக்கத்தையும் பேசுகிறோம். வரதட்சணையைத் தடை செய்யும் சட்டம் 1961-இலேயே வந்துவிட்ட நாட்டில், சீதனம் என்ற பெயரில் அதைத் தொடர்கிறோம். என் மகன் திருமணத்தில் நானும் வாங்கினேன். அன்று பெண்வீட்டார் வயலை விற்றதை அறிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்பதைக் கூடுகையில் சொன்னேன். இவ்வறிக்கையிலும் பதிவு செய்கிறேன்.

உறுப்பினர் இல்லத் திருமணங்களில் சீதனம் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை என்ற உறுதிமொழி ஆகஸ்டில் முன்வைக்கப்பட்டது. பெண்பிள்ளைகளைப் பெற்ற சிலர், கொடுக்காவிட்டால் மகளுக்கு வரன் அமையாதே என்று கண்ணீரோடு தயங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர்கள் முதலில் நிறுத்தவேண்டும் என்பதால், மகன்களைப் பெற்றோர் மட்டும் முதலில் கையொப்பமிடுவது என்று முடிவாயிற்று. பாதிப்பேர் இன்னும் இடவில்லை.

மருத்துவமனைச் சந்திப்பும் கிறிஸ்மஸ் கீத பவனியும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு பிலேமோன் நிருபத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. உறுதிமொழி ஏடு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்