இலவசமாக ஊர் சுற்றிய டீச்சர் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் இத்தாலிச் சுற்றுலா பற்றிய கட்டுரையில், 'கூடப் போகும் ஆசிரியர்களுக்கோ இது செலவில்லாத விடுமுறை' என்று போகிற போக்கில் ஒரு வரி. ரொம்ப சந்தோஷம். அந்த விடுமுறையை இரண்டு முறை அனுபவித்தவள் நான்.

36 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். அமால்ஃபி கடற்கரைச் சாலை எப்படி வளையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையாளருக்கு அது கண்கொள்ளாக் காட்சி. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிளாஸ்டிக் பையும் வாந்தியும்தான். ராத்திரி 2 மணிக்கு ஒரு அப்பா போன் செய்து பையன் சாப்பிட்டானா என்று கேட்பார். சொரெண்டோ படகுத்துறையில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டதாக ஒரு பெண் அழுதாள், மூன்று மணி நேரம் தேடினோம், அது அவள் தலையணை உறைக்குள் இருந்தது.

சரி, இதெல்லாம் வேலையோடு வருவது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பொம்பெயிக்கு வருகிறேன். 'அரை நாளில் பார்த்துவிடலாம்' என்கிறீர்கள். 66 ஹெக்டேர் ஊர் அது, மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம், ஏனென்றால் வழியில் சிப்பியில் உருவம் செதுக்கி விற்கும் கடையில் பஸ் அவ்வளவு நேரம் நின்றது. சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போன வெற்றிடத்தில் 1863-இல் தொல்லியலாளர் பியோரெல்லி பிளாஸ்டரை ஊற்றி எடுத்த உருவங்கள் இருக்கின்றனவே, அதன் முன்னால், வகுப்பில் வாயை மூடாத ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், இது சிலையா, ஆளா?" நான் பதில் சொல்ல ஆரம்பித்தபோது கைடு கொடியைத் தூக்கிவிட்டார். 1938-இல் பொம்பெயியில் கிடைத்த, இந்தியாவிலிருந்து போன தந்தச் சிலை வைத்திருக்கும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தையும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் காட்டினார்கள்.

அப்புறம் கட்டுரையில் வரும் இந்த 'நுழைவுக் கட்டணம் உட்பட'. இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது, பொம்பெயி உட்பட. எங்கள் பிள்ளைகளிடம் சுற்றுலா நிறுவனத்தார் அதற்கும் வாங்கியிருந்தார்கள். கேட்டதற்கு "குரூப் ரேட் மேடம்" என்றார்கள். ஆசிரியருக்கு 'இலவச' இடம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் பிள்ளைகள் தலையில்தான்.

கட்டுரையோடு வந்த படத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கி.பி. 79-இல் எரிமலையில் புதைந்த பொம்பெயி கோயில்' என்று போட்டிருப்பது தெற்கு இத்தாலியின் இன்னொரு பழைய ஊரான பேஸ்டத்தில் கிரேக்கர்கள் கட்டிய கோயில். பொம்பெயியைப் புதைத்த வெசுவியஸ் எரிமலை வெடிப்பதற்கு 500 வருடங்களுக்கு மேல் முந்தியது, அது புதையவும் இல்லை. மூன்று வருடம் முன்பும் இப்படி ஒரு பிழையைச் சொல்லி எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, என் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள்.

அந்தப் படக்குறிப்பைத் திருத்துங்கள். 18 வயதுக் கணக்கை ஒரு வரி போடுங்கள், குறுக்கெழுத்துக்குக் கீழே இடமிருந்தால்கூடப் போதும். பெயர் வேண்டாம், எப்படியும் தப்பாகத்தான் வரும்.

இப்படிக்கு,
விடுமுறை முடிந்து வந்து ஒரு வாரம் படுத்த சரித்திர டீச்சர்