பேரிடர்க் காலத்துக்கு ஒரு பிக்கப் வண்டியை ஆயத்தப்படுத்துதல்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் பெய்த மழையை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஊர்களுக்குள் புகுந்தது, குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸின் பயணிகள் சுமார் 800 பேர் வெளியேற வழியின்றி நின்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வரும் பலர், தங்கள் பிக்கப் வண்டியை எந்த வெள்ளத்திலும் போகும்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். எந்த வெள்ளத்திலும் போகும் வண்டியை யாராலும் செய்து தர முடியாது. சாலை இல்லாத இடத்தில் ஆட்களையும் பொருளையும் ஏற்றிச் சென்று, சிக்கினால் தானே மீண்டு, இரண்டு மூன்று நாட்கள் வெளியுதவி இன்றித் தாக்குப்பிடிக்கும் வண்டியைச் செய்து தர முடியும். அதை எந்த வரிசையில் செய்கிறோம், எவற்றைச் செய்ய மறுக்கிறோம், ஏன் என்பதை விளக்கவே இம்மடல்.

வண்டி எதுவாக இருந்தாலும் முதலில் நாங்கள் கேட்பது ஆர்.சி. புத்தகத்தையும் எடைமேடைச் சீட்டையும்தான். ஆர்.சி.யில் வெறும் வண்டியின் எடையும், சுமையோடு சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் கையிருப்பு, அதற்குள்தான் ஓட்டுநர் முதல் குடிதண்ணீர் வரை எல்லாம் அடங்க வேண்டும். நான்கு பேர் ஏறினாலே 280 கிலோ போய்விடும். குடிதண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. 100 ஆம்பியர் ஹவர் கொண்ட ஈய பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ, இரண்டாவது ஸ்டெப்னி இன்னொரு 30 கிலோ. இதன்மேல் கனத்த இரும்புக் கூண்டு, கூரைப்பெட்டி, இரும்பு பம்பர் என்று அடுக்கினால், ஒருவரையும் மீட்டு ஏற்றுவதற்கு முன்பே வண்டி தன் எல்லையைத் தாண்டிவிடும். சுமை கூடிய வண்டியின் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், ஸ்பிரிங் பட்டை ஒடியும், சேற்றில் சக்கரம் ஆழமாக இறங்கும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் எடை பார்த்துத்தான் ஏற்றுகிறோம். கனமானவை பின் ஆக்சிலுக்கு முன்னால், கேபினை ஒட்டி, தளத்தோடு தளமாக அமர வேண்டும். கூரைமேல் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் குளத்துக்கரையின் சரிவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும் என்பதால், அங்கே தார்ப்பாய் போன்ற இலேசான பொருள்களைத் தவிர வேறெதையும் நாங்கள் வைப்பதில்லை.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை சுருக்கமானது. பொலிரோ கேம்பரின் ஃபோர் வீல் டிரைவ் வகை, இசூசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய மூன்றுமே சேஸ் மேல் கட்டப்பட்ட உறுதியான வண்டிகள். இவற்றுள் உங்கள் ஊர் மெக்கானிக்கு எதைக் கழற்றிப் பூட்டத் தெரியுமோ, எதற்கு உதிரிபாகம் திருநெல்வேலியிலேயே கிடைக்குமோ, அதை வாங்குங்கள். வெறும் டூ வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். நல்ல டயரும் மீட்புக் கருவிகளும் கொடுத்தால் அதுவும் ஊராட்சிச் சாலைகளில் பெரும்பயன் தரும்.

டயர் நம் மண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், நம் மண்ணோ ஒரே மாதிரியானது அன்று. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரி எனும் செம்மணல் மேடு. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல். ஆற்றோரம் வயல் சேறு. மேற்கே பாறையும் சரளையும். தேரி மணலில் தீர்வு டயரின் பூவில், அதாவது அதன் மேல்வரிப் பள்ளங்களில் இல்லை, காற்றில் இருக்கிறது. அழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதக்கும். ஆனால் அந்த நிலையில் சுமையோடு வேகமாக ஓட்டினாலோ, சட்டென்று திருப்பினாலோ டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும்முன் மறுபடியும் காற்று அடித்தாக வேண்டும். எனவே 12 வோல்ட் காற்று கம்ப்ரசரும் அழுத்தமானியும் எங்கள் பட்டியலில், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச்சுக்கு முன்னால் நிற்கின்றன. நனைந்த கரிசலின் கதை வேறு. அந்தக் களி டயரின் பள்ளங்களை நிரப்பி மூடிவிட்டால், எவ்வளவு ஆழமான பூ இருந்தாலும் டயர் மொட்டையாகிவிடும். அங்கே மழை விட்டு மேல்மண் இறுகும்வரை காத்திருப்பதே வழி என்று விற்பனையாளர்களாகிய நாங்களே சொல்கிறோம். அன்றாடம் தார்ச்சாலையிலும் ஓட்டும் வண்டிக்கு, எல்லா வகைச் சாலைக்குமான ஆல் டெரைன் டயரையே பரிந்துரைக்கிறோம். சேற்றுக்கென்றே செய்யப்பட்ட மட் டெரைன் டயர் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்புக் குறைந்தது. நம் ஆபத்துக்கால ஓட்டத்தில் பெரும்பகுதி ஈரத் தார்ச்சாலைதான். டயரின் பக்கச்சுவர் தடித்ததா, வண்டியின் மொத்த எடையைத் தாங்கும் சுமைக் குறியீடு அதில் உள்ளதா என்று பாருங்கள். உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் பக்கச்சுவரில் ஏறினால் பஞ்சர் ஒட்டும் பெட்டி உதவாது. இரண்டாவது ஸ்டெப்னியின் 30 கிலோவை நாங்கள் ஏற்றுக்கொள்வதன் காரணம் அந்த முள்தான்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலானோர் ஸ்நார்கெல் ஒன்றைப் பூட்டிவிட்டால் போதும் என்று நம்பி வருகிறார்கள். ஸ்நார்கெல் செய்வது ஒரே வேலை: எஞ்சின் காற்றிழுக்கும் வாயைக் கூரை மட்டத்துக்கு உயர்த்துகிறது. அது முக்கியமான வேலைதான்; சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். ஆனால் காற்று வாய்க்கு வெகு முன்பாகவே தண்ணீர் தொடும் இடங்கள் பல. டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் மேல் பிரீதர் என்னும் சிறு காற்றுவழி உண்டு. ஓடிச் சூடேறிய டிஃபரென்ஷியல் திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆயில் பால்போல் வெளுத்து, சில வாரங்களில் பேரிங் அரைபடும். நல்ல ரப்பர் குழாயால் அந்தப் பிரீதர்களை எஞ்சின் அறையின் மேல்மட்டம்வரை கொண்டுபோவது செலவு குறைந்த வேலை. ஸ்நார்கெல் பூட்டுகிறோமோ இல்லையோ, பிரீதரை நீட்டாமல் எந்த வண்டியையும் வெளியே அனுப்புவதில்லை. அதன்பின் ஃபியூஸ் பெட்டி, ரிலே, கனெக்டர்கள் ஆகியவற்றை நீர் புகாமல் காக்கும் வேலை வரும். இன்றைய வண்டிகள் வழியில் நின்றுபோவது பெரும்பாலும் மின்கோளாறால்தான்.

இவ்வளவும் செய்த பிறகும், நிறுவனம் அறிவித்துள்ள நீராழத்தை மீற வேண்டாம். ஹைலக்ஸுக்கு அந்த அளவு 700 மி.மீ. உங்கள் வண்டிக்குரிய அளவை முன்கதவின் வெளிப்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடாக வரைந்து தருகிறோம், அதே உயரத்தில் அடையாளமிட்ட மூங்கில் கம்பு ஒன்றையும் வண்டியோடு கொடுக்கிறோம். அந்த அளவும் தேங்கிய நீருக்கே பொருந்தும். ஓடும் தண்ணீரில் கணக்கு முற்றிலும் மாறிவிடும்: 30 செ.மீ. ஓட்டமே சிறிய காரைத் தள்ளிச் செல்லும், 60 செ.மீ. ஓட்டம் பிக்கப்பையும் அடித்துக்கொண்டு போகும். குளம் நிரம்பி மறுகால் பாயும் தரைப்பாலத்தில் கால்வைத்து நிற்க முடியவில்லை என்றால் அங்கே வண்டியையும் இறக்கக் கூடாது. கலங்கிய நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. இறங்கலாம் என்று உறுதியான இடத்தில் லோ கியரில், மனிதர் நடக்கும் வேகத்தில், நடுவே கிளட்சை மிதிக்காமல் கடக்க வேண்டும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். இழுத்து வெளியே கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்த பிறகே சாவியைத் தொடலாம்.

மீட்புக் கருவிகளில் எங்கள் கருத்து சிலருக்கு ஏமாற்றம் தரலாம். மின்வின்ச் கேட்டு வரும் பலருக்கு, கையால் நெம்பி இழுக்கும் கம்பிக்கயிற்று வின்ச்சையே நாங்கள் முதலில் காட்டுகிறோம். மின்வின்ச் முன்பக்கம் மட்டுமே இழுக்கும், முழுச்சுமையில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் உறிஞ்சும், எஞ்சின் நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் பேட்டரியையும் தீர்த்துவிடும். கைவின்ச் மெதுவானது, தோள் வலிக்கும்; ஆனால் வந்த வழியே பின்னோக்கியும் இழுக்கும், பக்கவாட்டில் சாய்ந்த வண்டியையும் தாங்கிப் பிடிக்கும், விழுந்த மரத்தையும் அகற்றும். மின்வின்ச்சே வேண்டுமென்றால் வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுதிறன் கொண்டதை வாங்குங்கள். அதோடு ஒரு புல்லி பிளாக்கும் வாங்கினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எதைப் பயன்படுத்தினாலும் பிணைக்கும் இடம் சேஸோடு போல்ட் செய்யப்பட்ட கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் பட்டையைக் கோத்து இழுத்தால் அது ஒடிந்து துப்பாக்கிக் குண்டாகப் பாயும். உலகெங்கும் உயிர்ப்பலி வாங்கிய பழக்கம் அது. பட்டையையும் கொக்கியையும் பிணைக்கும் இரும்பு வளையமான 19 மி.மீ. வில் ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். பொறிப்பே இல்லாத கடைத்தெரு ஷாக்கிளை எங்கள் பட்டறையில் பூட்டுவதில்லை. கயிற்றின்மேல் ஒரு கனத்த சாக்கைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் அது துள்ளாமல் விழும். மரத்தைச் சுற்ற அகலப் பட்டை வேண்டும். மணலுக்கும் சேற்றுக்கும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் டிராக்ஷன் பலகை இரண்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, மம்பட்டி, அரிவாள், கடப்பாரை ஆகியவை கட்டாயம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் முதியவர் இருந்தால் அதை முன்பே எங்களிடம் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் இயந்திரம் ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் 1,200 வாட் ஹவர்தான் இருக்கும் என்பதால், இன்வெர்ட்டர் இழப்பும் போக மூன்று மணி நேரம் தாங்கலாம். ஈய பேட்டரியாக இருந்தால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் அந்த நேரமும் பாதியாகும். ஆகவே இத்தகைய வீட்டுக்குக் கூடுதலாக ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும், மழைக்கு முன்பே மேட்டுப்பகுதிக்கு இடம்பெயரும் திட்டமும் தேவை. இன்சுலின் வைக்கச் சிறிய 12 வோல்ட் குளிர்ப்பெட்டி போதும். இரண்டாவது பேட்டரியை ஐசொலேட்டர் வழியாகவே இணைக்கிறோம். உள்ளே எது ஓடினாலும் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தீரக் கூடாது.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுங்கள். கடைகளில் கிடைக்கும் மெல்லிய 20 லிட்டர் கேன் குலுங்கலில் வெடித்துவிடும், தடித்த உணவுத்தர கேன் வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குளோரின் மாத்திரை, தலையில் மாட்டும் டார்ச், லைஃப் ஜாக்கெட், வழக்கமாக உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை நீர் புகாத பெட்டியில் வையுங்கள். வெள்ளத்தில் பாம்புக்கடி சாதாரணம். கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 108 (ஆம்புலன்ஸ்), 1077 (மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை), 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை) ஆகிய எண்களைச் சன்வைசரில் ஒட்டித் தருகிறோம். பெட்ரோல் பங்குக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை டீசல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டீசல் புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ திரவம் கேட்கும் வண்டியில் அதையும் நிரப்பியே வையுங்கள்.

இனி நாங்கள் மறுப்பவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, நிறுவனம் வடிவமைத்த அடிப்படை அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. முன்பக்க இரும்பு கிராஷ் கார்டுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அது பாதசாரிக்கு ஆபத்தானது, ஏர்பேக்கின் வேலையையும் கெடுக்கும். எனவே கிராஷ் கார்டு, கூரை விளக்கு வரிசை, சேஸ் வெட்டுதல், அளவுக்கு மீறிய டயர் ஆகியவற்றை எவ்வளவு பணம் தந்தாலும் செய்ய மாட்டோம். ஸ்நார்கெல் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொண்டு வந்த பிறகே கை வைப்போம். எஞ்சினில் நீர் புகுந்த சேதத்துக்குத் தனிச்சேர்ப்பு (ஆட்-ஆன்) இல்லாத பாலிசி பெரும்பாலும் இழப்பீடு தராது, புதுப்பிக்கும்போது கவனியுங்கள். சேட்டிலைட் போனை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம், ஆகவே அதையும் நாங்கள் விற்பதில்லை. வண்டியைப் பழகிப்பார்க்கிறோம் என்று களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள்ளோ வனத்துறைத் தேரிக்குள்ளோ போக வேண்டாம். சொந்தப் பட்டா நிலத்தில், பகலில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை, வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த அனைவரும் காற்று இறக்கி ஏற்றவும் கைவின்ச் பூட்டவும் பழகிக்கொள்ளுங்கள். விரும்பினால் எங்கள் ஆள் ஒருவர் உடன்வந்து கற்றுத்தருவார்.

வேலைக்கு வரும்போது ஆர்.சி. புத்தகம், வழக்கமான ஆட்களோடும் டீசல் முழுவதும் நிரப்பியும் எடுத்த எடைமேடைச் சீட்டு, இன்சூரன்ஸ் பாலிசியின் நகல் ஆகிய மூன்றையும் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர் எந்தக் குளத்தின் கீழ் இருக்கிறது, எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், வீட்டில் நடக்க இயலாதவர் இருக்கிறாரா என்பதையும் எழுதிவாருங்கள். ஆற்றைவிட்டு விலகிய ஆலங்குளத்துக்குச் செய்யும் வண்டியும் ஆற்றோர ஏரலுக்குச் செய்யும் வண்டியும் ஒன்றாக இருக்காது. ஒயரிங் வேலைக்கு வெயில் தேவைப்படுவதாலும், பூட்டிய பிறகு ஒரு மாதம் ஓட்டிப்பார்த்து எல்லா போல்ட்டையும் மறுமுறை முறுக்க வேண்டியிருப்பதாலும், ஆகஸ்ட் இறுதிக்குள் வண்டியை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள பட்டறையினர்,
பாளையங்கோட்டை.