எங்கள் தெருவுக்கு ஒரு நன்றி

என் வீட்டுக்காரர் போன பிறகு கானாடுகாத்தானில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், சிங்கப்பூருக்கு வந்துவிடுங்கள் என்று மகன் கூப்பிட்டான். நான் போகவில்லை. செவலையும் பொட்டும்தான் காரணம் என்று அப்போது வெளியில் சொல்ல வெட்கம். இப்போது இல்லை, அதனால்தான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

இரண்டும் தெருநாய்கள். சாயங்காலம் ஊருணிப் பக்கம் நடந்துவிட்டு வரும்போது பிஸ்கட் போட்டுப் பழக்கியவர் அவர்தான், எனக்கு நாய் என்றாலே ஆகாது. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகும் அந்த நேரத்துக்கு இரண்டும் முகப்பில் வந்து நின்றன. ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்க மனசில்லாமல் காபியிலேயே பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தவள், அதுகள் வயிறு ஒட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு உலை வைத்தேன், வடித்த சோற்றில் நானும் இரண்டு வாய் சாப்பிட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் கடைசியில் என்ன ஆச்சு என்று முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே நாக்கு வறண்டுபோகும், இதுகளிடம் அந்தத் தொல்லை கிடையாது. மத்தியானம் செவலை வளவுக்குள், அதாவது வீட்டு நடுமுற்றத்துக்குள் வந்து, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்கு வயிற்றை அப்பிப் படுத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து நான் எங்கே போகிறேன் என்று பார்க்கும். எழுந்தால் போச்சு, நகம் கல்லில் தட்டத் தட்ட இரண்டாம் கட்டு வரை பின்னாலேயே வரும்.

சரி, நன்றிக்கு வருகிறேன். முதலில் கால்நடை மருந்தக டாக்டருக்கு. நம் வீட்டுக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எது இருக்கிறது? அது நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடுத்து எப்போது என்று அட்டையும் எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற தெரு, பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டையை வீடு வீடாகக் காட்டினேன். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டீர்களே, அதற்கு நன்றி. எதிர்வீட்டு ஆச்சி ஒருபடி மேலே போய், வைரவன்பட்டியில் வைரவரைக் கும்பிட்டுவிட்டு வந்து அவர் வாகனத்தைக் கல்லால் அடிக்கிறோமே, இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். கொஞ்சப் பேருக்கு உறைத்தது. இப்போது அவர்கள் வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

பொட்டு பைக்கில் அடிபட்ட அன்று, சீட்டெல்லாம் ரத்தமாகும் என்று தெரிந்தும் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்குடிக்கு ஓட்டிய ஆட்டோ தம்பிக்கு எப்படி நன்றி சொல்ல? காசு கொடுத்தால் வாங்கவில்லை, கோபம் வேறு. என் மகனுக்கும் நன்றி. கிளம்பி வா என்பதை விட்டுவிட்டான், இப்போதெல்லாம் போன் எடுத்ததும் "ஆத்தா, அதுக ரெண்டும் சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்கிறான், என்னை அப்புறம்தான்.

கோழிக்கடைத் தம்பி, இதைப் படித்தால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ. போன மாதக் கணக்கு பாக்கி இருக்கிறது, கேட்கக் கூச்சப்படாதே.