அது அரிவாள்மனைப் பூண்டு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்ற வார வேளாண் பகுதியில், வெட்டுக்காயத்துக்கு அரைத்துப் பூசும் அரிவாள்மனைப் பூண்டு என்ற குறிப்புடன் ஒரு படம் வெளியாகியிருந்தது. படத்தில் இருப்பது அந்தச் செடி அன்று. செம்பருத்தி அடங்கிய அதே மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்த, தாவரவியலார் மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம் என்று வழங்கும் களைச்செடி அது.

இரண்டும் வரப்பிலும் சாலையோரத்திலும் அடுத்தடுத்து நிற்பவை. இரண்டிலும் விளிம்பில் பல் வெட்டிய இலை, ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூ, எளிதில் அறாத நார். எனவே தடுமாற்றம் இயல்பே. நான் தாவரவியல் கற்பித்த நாட்களில், இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் மாணவரிடம், பூவைத் தலைகீழாகத் திருப்பிப் பார் என்பேன். மால்வாஸ்ட்ரத்தில் புல்லி வட்டத்துக்கு, அதாவது இதழ்களின் அடியிலுள்ள பச்சை உறைக்கு, வெளியே ஒட்டினாற்போல் மெல்லிய மூன்று பச்சைச் சிற்றிலைகள் இருக்கும். பாடநூல்கள் இதைப் புறப்புல்லி வட்டம் என்கின்றன. அரிவாள்மனைப் பூண்டு உள்ளிட்ட சைடா என்ற பேரினத்தில் இது கிடையாது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, தங்கள் படத்தில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் பூவின் அடியில் இம்மூன்றும் தெளிவாகத் தெரிந்தன.

காய் முற்றியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. மால்வாஸ்ட்ரத்தின் காய் பத்துக்கு மேற்பட்ட சிறு துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முள்முனைகள் இருக்கும். அரிவாள்மனைப் பூண்டின் துண்டுகளோ எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் உச்சியில் இரண்டு முனைகளே இருக்கும். மால்வாஸ்ட்ரம் பெரும்பாலும் ஓராண்டுச் செடி என்றாலும், ஈரமுள்ள இடத்தில் அடித்தண்டு கட்டைபோல் இறுகி மறு ஆண்டும் நிற்பதுண்டு. ஆகையால் ஆயுளை அடையாளமாகக் கொள்ள வேண்டாம்.

இதன் பெயரும் பலரை ஏமாற்றியிருக்கிறது. 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ், ஐரோப்பியர் கோரமண்டல் என்றழைத்த நம் சோழமண்டலக் கரையின் பெயரையே இதற்குச் சூட்டினார். ஆயினும் இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் பழைய மருத்துவச் சுவடிகள் சொல்லும் குணங்களை இந்த வந்தேறிச் செடியின்மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

வாசகர்கள் படத்தை நம்பிச் செடியைப் பறித்துக் காயத்தில் பூசக்கூடும் என்பதால், திருத்தத்தை அதே பகுதியில், பூவின் அடிப்பக்கமும் முற்றிய காயும் தெரியும் படங்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மன்னார்குடி.