பதில் வராத கணினிகள்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடி முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மகள் இங்குள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். வீட்டிலிருந்தே போய்வருகிறாள், அதனால் என் மோட்டார் சைக்கிள் இப்போது என்னுடையது இல்லை.

சரி, நீ கேட்ட விஷயம். எந்தக் கணினியில் எந்த மென்பொருள் இருக்கிறது என்று பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் மாடி மாடியாக ஏறிப் பார்க்கிறாயாமே! வேண்டாம்டா. விண்டோஸுக்குக் கட்டளை எழுதிக் கொடுக்கிற பவர்ஷெல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் செய்யும்.

நீ அனுப்பிய ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைக் கோப்பில், வின்32_புராடக்ட் என்று ஒரு வரி இருக்கிறதே, முதலில் அதைத் தூக்கு. நாம் கேட்பது வெறும் பட்டியல். அதுவோ எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவல் கோப்பு வழியாகப் பதிந்த ஒவ்வொரு மென்பொருளும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கிவிடும், சில சமயம் பழுதுபார்க்கவும் கிளம்பிவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் லாக்கில் அதற்கு அடையாளமாக 1035 என்ற எண் வரிசையாக நிற்கும். இவ்வளவு நேரம் எடுத்தும், எம்எஸ்ஐ அல்லாத எதையும் காட்டாது.

விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் படிப்பதுதான் நல்லது. 'அன்இன்ஸ்டால்' கிளையில் பெயரும் பதிப்பும் கிடைக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்கள் வாவ்6432நோட்டின் கீழே தனியாக இருக்கும், அதையும் சேர்த்துப் பார். ஒருவர் தன் கணக்குக்கு மட்டும் பதிந்துகொண்டது இந்த இரண்டிலும் வராது. அது அவருடைய பயனர் கிளையில் இருக்கும்.

கணினிப் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, பவர்ஷெல்லின் இன்வோக்-கமாண்ட் கட்டளையிடம் கொடுத்தால் வழக்கமாக ஒரே நேரத்தில் 32 கணினிகளிடம் பேசும். அதற்கு, தொலைவிலிருந்து கட்டளை வாங்கும் வின்ஆர்எம் சேவை அந்தக் கணினிகளில் ஓட வேண்டும், அது பேசும் வாசலான 5985 போர்ட் திறந்திருக்க வேண்டும். சர்வர்களில் அது ஏற்கெனவே இருக்கும். ஊழியர்களின் கணினிகளில் நீதான் குரூப் பாலிசி வழியாக, எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போட்டு, திறந்துவிட வேண்டும்.

இதெல்லாம் ஒரு பொழுதில் முடிகிற வேலை. எனக்குக் கவலை உன் அறிக்கையைப் பற்றித்தான். அதில் 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டே பதில் வைத்திருக்கிறாய். மூன்றாவதாக 'பதில் வரவில்லை' என்று ஒன்று வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ராயா விடுமுறையில் ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். அணைத்துக் கிடந்த கணினிகளெல்லாம் 'ஆன்டிவைரஸ் இல்லை' பட்டியலில் ஏறிவிட்டன. விடுமுறை முடிந்து வந்தவர்களுக்குக் காலையில் பசியாறும் முன்பே திட்டு. இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம்: பிழை வந்தால் கண்டுகொள்ளாதே என்று சைலன்ட்லிகன்டினியூ போட்டுவிட்டால், பேசாத கணினி பட்டியலிலேயே வராது. மேலதிகாரி பார்க்கும்போது எல்லாம் பச்சையாக இருக்கும். அதனால் முதலில் எல்லாப் பெயரையும் எழுதிவிட்டு, பதில் வர வர நிரப்பு. மிஞ்சியதை மறுநாள் மறுபடி கேள். கணினி விழித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கை மட்டும் நம்பி 'அணைந்திருக்கிறது' என்று எழுதாதே, ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். இப்போவுக்கும் ஜோகூருக்கும் மடிக்கணினியோடு சுற்றும் விற்பனைக்காரர்கள்தான் கடைசி வரை மிஞ்சுவார்கள். அவர்களைத் தொலைபேசியில்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், ஓட்டுவதே ஓட்டுகிறாய், விண்டோஸ் பதிப்பையும் கேட்டு வை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-உம் தன் பதிப்பை 10.0 என்றுதான் சொல்லும், ஏமாந்துவிடாதே. ஊழியர்களின் கணினியில், பதிப்போடு வரும் பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 11.

தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வருவதாகச் சொன்னாயே, இடிஎஸ் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. பிறகு கிடைக்காது. பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி ஏறு, இந்தப் பக்கம் ஜெட்டியில் நான் நிற்கிறேன். மடிக்கணினியையும் எடுத்து வா, அந்த ஸ்கிரிப்டை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழன்