வார்டர் ஸ்ட்ரீட் ஃப்ரேம் கடைக்காக என்கூட அலைஞ்சவங்களுக்கு

ஒரு பழைய பட ஃப்ரேம செஞ்ச கடையப் பத்தித் தேட உதவினவங்களுக்கு நன்றி சொல்லி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், இன்னிக்கு எழுதிடுறேன்.

மொத நன்றி லண்டன் சந்தைல எனக்கு அந்தப் பழைய ஃப்ரேமை வித்த அம்மாவுக்கு. பின்னாடி ஒட்டியிருந்த அழுக்குக் காகிதத்த நான் கிழிக்கப் போனப்ப கையப் புடிச்சு தடுத்துட்டாங்க. அதுலதான் ஃபோர்டு அண்ட் டிக்கின்சன், 129 வார்டர் ஸ்ட்ரீட்னு அச்சடிச்சிருந்துச்சு! விக்டோரியா ராணி காலத்துல லண்டன் சோஹோ பகுதில இருந்த கடை, ரொசெட்டி, ஃபோர்டு மேடாக்ஸ் பிரௌன் மாதிரி ஓவியர்களுக்கெல்லாம் ஃப்ரேம் செஞ்சு குடுத்தவங்க. (கடைக்கார ஃபோர்டு வேற, ஓவியர் ஃபோர்டு வேற, இது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.)

அடுத்து, ஆவணக் காப்பகத்துல வேலை பாக்குற அக்கா. பழைய விலாச டைரக்டரில கடை நம்பர் 90, பின்னாடி வந்ததுல 129, அதனால கடை எடம் மாறிடுச்சுன்னு நான் ஒரு கதையே கட்டி வச்சிருந்தேன், அவங்கதான் சிரிச்சுக்கிட்டே தம்பி கடை நகரல, தெருவுக்குத்தான் நம்பர மாத்திட்டாங்கன்னாங்க. லண்டன்ல இருக்குற நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிங்கிற ஓவியக் காட்சியகத்துக்காக 1600ல இருந்து 1950 வரைக்கும் ஃப்ரேம் செஞ்சவங்க விவரத்தத் தொகுத்து வச்ச ஜேக்கப் சைமன் சாருக்கு என்னைத் தெரியாது, ஆனா அவரு இல்லன்னா நான் எங்கேயும் போயிருக்க முடியாது.

ஃப்ரேமுக்குத் தங்க ரேக்கு ஒட்டுற வேலை பாத்த ரிட்டயர்டு கில்டர் தாத்தாவ எப்பிடி மறக்குறது. சாதாரணமா மரத்து மேல வஜ்ரப் பசையும் சாக் பவுடரும் குழைச்சுப் பூசி, காய விட்டு, தேய்ச்சு, அப்புறம்தான் தங்க ரேக்கு ஒட்டுவாங்களாம். ஆனா ரொசெட்டியும் பிரௌனும் ஓக் மரத்து மேல நேராவே ரேக்கு ஒட்டச் சொன்னாங்க, தங்கத்துக்கு அடில மரத்தோட ரேகை தெரியணும்னு. தாத்தா அணில் முடி பிரஷ்ஷ கன்னத்துல ஒரு தடவு தடவி அந்த லேசான எண்ணெய்ப் பசைலயே ரேக்க எடுத்து வச்சாரு, நான் மூச்சு விட்டேன், ரேக்கு பறந்துருச்சு. ரெண்டாவது தடவையும் பறந்துச்சு. திட்டல, டீ போட்டுக் குடுத்தாரு.

செதுக்கின மாதிரி இருக்குற பூ வேலையெல்லாம் நெஜ செதுக்கல் இல்ல, அச்சுல அழுத்தி எடுத்த களி மாதிரி ஒண்ணுன்னு சொல்லி என் கனவ உடைச்சதும் அவருதான், அதுக்கும் நன்றி!

கடைசியா வீட்டம்மா. ஆறு மாசம் சாப்பாட்டு மேசைல ஃப்ரேம வச்சிருந்தேன், தரைல ஒக்காந்து சாப்பிட்டா. இப்ப ஹால்ல மாட்டிட்டேன், ஆனா திருப்பி. லேபிள் தெரியணும்ல.